கால் ரிஜிஸ்டர்

கோயம்புத்தூரில் மனிதர்களைக் கால் பக்கமிருந்து தெரிந்துவைத்திருக்கும் ஒரே ஆள் கால் ரிஜிஸ்டர்தான். முகத்தைக் காட்டினால் சொந்த மச்சானையே அவருக்கு அடையாளம் தெரியாது.

காந்திபுரத்தில் வீடில்லாதவர்கள் தங்கும் காப்பகத்துக்கு அவர்தான் காப்பாளர். முன்பு ஏதோ மில்லில் டைம்கீப்பராக இருந்தவர். அந்தப் பழக்கம் போகாமல், விடிந்ததும் ரிஜிஸ்டரோடு கிளம்பிவிடுவார். கொசுவுக்குப் பயந்து எல்லோரும் தலையோடு போர்த்திக் கிடப்பார்கள். வெளியே தெரிவது கால் மட்டும். எழுப்பினால் திட்டு விழும். ஆகவே காலைப் பார்த்தே ஆஜர் போடுவார். "பித்தவெடிப்பு ஆஜர். ஆறு விரல் ஆஜர்."

நான் பீளமேட்டுக் கல்லூரி ஒன்றில் வாத்தியார். நாட்டு நலப்பணித் திட்டப் பொறுப்பும் என் தலையில்தான். மாணவர்களோடு காப்பகத்துக்குப் போய், தங்கியிருப்பவர்களின் விவரங்களைப் படிவத்தில் எழுதி, போட்டோ ஒட்டுவோம். அவர் எங்கள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்ப்பார்.

"ஏனுங்க சார், காலுக்கு ஒரு கட்டம் போடலீங்களா?"

மாணவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பட்டப்பெயர் வைத்ததும் அவர்கள்தான். நானும் சிரித்தேன்.

சேவை செய்யக் கிளம்பிவிட்டால் எங்களுக்குக் கண் மண் தெரியாது. ஒரு சனிக்கிழமை முடிவெட்டும் முகாம் நடத்தினோம். இருபது பேருக்கு முடி, தாடி எல்லாம் மழித்து, குளிக்கவைத்து, கல்லூரிப் பெயர் போட்ட ஒரே மாதிரி டி-ஷர்ட்டை மாட்டி, வரிசையாக நிறுத்திக் கைதட்டினோம். படிவத்தில் இருந்ததெல்லாம் தாடி வைத்த பழைய போட்டோ. அது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

"நல்லாத்தானுங்க இருக்குது," என்றார் கால் ரிஜிஸ்டர். "ஆனா இனி யாரு யாருன்னு எப்படிங்க கண்டுபுடிப்பீங்க?"

செவ்வாய்க்கிழமை காலையில் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து போன். லாரி மோதி ஒருவர் இறந்துவிட்டார், டி-ஷர்ட்டில் உங்கள் கல்லூரிப் பெயர் இருக்கிறது என்றார்கள். ஓடிப்போய் மாணவர்களை எண்ணினேன். எல்லோரும் இருந்தார்கள். "அப்பாடா" என்றேன். அந்த அப்பாடாவை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

காப்பகத்தில் அன்று மூன்று பேரைக் காணவில்லை. போலீஸ் காட்டிய படத்தை அந்த மூன்று படிவங்களோடும் வைத்துப் பார்த்தோம். எந்தத் தாடிக்குள் இந்த முகம் இருந்தது? ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. ஆள் யாரென்று தெரியாவிட்டால் அநாதைப் பிணம் என்று எழுதிப் புதைத்துவிடுவார்கள்.

கால் ரிஜிஸ்டர் சட்டையை மாட்டிக்கொண்டார். "பேரில்லாமப் போகக்கூடாதுங்க. வாங்க சார், போலாம்."

பிணவறையில் நேராகக் கால்மாட்டுக்குப் போய்த் துணியை விலக்கினார்.

"மூஞ்சி அந்தப் பக்கம்யா," என்று அதட்டினார் ஊழியர்.

"மூஞ்சிய நாங்க மாத்திப்போட்டமுங்க."

முகாமன்று அவர் கத்தரியைத் தொடக்கூட இல்லை. இருந்தும் தன்னையும் சேர்த்துக்கொண்டார்.

இரண்டு பாதங்களிலும் தென்னை ஏறும் தளைக்கயிறு தேய்த்துக் காய்த்துப்போன தழும்பு. "நம்ம மாரப்பண்ணனுங்க. மரமேறி. கிணத்துக்கடவுல ஒரு பொண்ணு இருக்குதுங்க. கோவிச்சுட்டு வந்துபோட்டாரு."

மாரப்பனின் படிவத்தில் நான் எழுதியிருந்தது: உறவினர் இல்லை.

தகவல் போய் மகள் வந்தாள். மழித்த முகத்தைப் பார்த்ததும், "இது எங்கப்பன் இல்லீங்க" என்று நிம்மதியாக மூச்சுவிட்டாள். கால் ரிஜிஸ்டர் அவளை மறுபக்கம் கூட்டிப்போனார்.

"இங்க பாரு கண்ணு."

அவள் அந்தக் கால்களைக் கட்டிக்கொண்டு அழுத அழுகையை என்னால் நின்று பார்க்க முடியவில்லை. சாயங்காலம் மாரப்பன் தன் பெயரோடு ஊருக்குப் போனார்.

இப்போது எங்கள் படிவத்தில் காலுக்கு ஒரு கட்டம் இருக்கிறது. போன மாதம் காப்பகத்துக்குப் போனபோது செருப்பைக் கழற்றிவிட்டு அவர் முன்னால் நின்றேன்.

"என் காலையும் நல்லாப் பாத்து வெச்சுக்குங்க."

அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "உங்களத எப்பவோ எழுதிப்போட்டனுங்க சார்."

அன்றிலிருந்து எனக்குச் சாவைப் பற்றிய பயம் கொஞ்சம் குறைந்திருக்கிறது.