தலைக்கனம் பிடித்த வாத்து

இந்த முறை வாத்து பறந்தே தீரும், பறக்காவிட்டால் என் பெயர் ஸ்வெதோசார் இல்லை என்று சபதம் செய்தேன். இதே சபதத்தை முன்பே இரண்டு தடவை செய்திருக்கிறேன். அந்தக் கணக்குப்படி பார்த்தால் எனக்கு இப்போது பெயரே இருக்கக் கூடாது.

வாத்து என்றால் முட்டையிடுகிற வாத்து இல்லை. நானே தெர்மோகோல் அறுத்து, மூங்கில் குச்சி செருகி, பசை தடவி ஒட்டிய குட்டி விமானம். ரிமோட்டில் பறக்கும். அதாவது, பறக்க வேண்டும். மற்ற விமானங்களுக்குப் பெரிய இறக்கை முன்னால், சின்ன இறக்கை வாலில். இதற்கு எல்லாமே தலைகீழ். சின்ன இறக்கை மூக்கருகே, பெரிய இறக்கை கடைசியில், அதற்கும் பின்னால் தள்ளிவிடுகிற காற்றாடி. கழுத்தை நீட்டிக்கொண்டு பறப்பதால் எங்கள் மாடல் விமான மன்றத்தில் அதற்கு வாத்து என்று பெயர்.

பக்கத்து வீட்டு ஜீவொராத் முதலில் பார்த்தபோது வாயைப் பிளந்தான்.

"என்னய்யா ஸ்வெதோ, வாலைக் கொண்டுபோய் முன்னால ஒட்டியிருக்க? ரக்கியா சாராயம் போட்டுட்டு ஒட்டினியா?"

"இது இப்படித்தான்யா."

"அப்போ இது போகுதா, வருதா?"

போகவும் இல்லை, வரவும் இல்லை. முதல் வாத்து எழும்பியதும் மூக்கைத் தூக்கி மல்லாந்து ஜீவொராத்தின் பிளம் மரத்தில் விழுந்தது. இரண்டாவது வாத்து பாதிரியாரின் சோளக்கொல்லையில். இரண்டுக்கும் ஒரே வியாதி, வால் கனம். அன்றிலிருந்து வால் கனம் என்ற சொல்லைக் கேட்டாலே காதைப் பொத்திக்கொள்வேன்.

இந்த அவஸ்தைக்கெல்லாம் காரணம் வாத்து இல்லை, சமையல்கட்டு. எங்கள் ஊர் வீடுகளில் முற்றத்தில் தனியாக ஒரு கோடைச் சமையல்கட்டு இருக்கும். எங்கள் வீட்டிலும் உண்டு. அதில் அடுப்பு இல்லை, நான் இருக்கிறேன். கல்யாணமான புதிதில், ஒரே ஒரு வாரத்துக்கு என்று சொல்லி ஒரு மேசையைப் போட்டேன். மேசை குட்டி போட்டது. அடுப்பு வெளியே போனது. செப்டம்பர் வந்தால் தெருவெல்லாம் குடைமிளகாய் சுடும் வாசனை. மற்ற வீட்டுப் பெண்கள் கூரைக்கு அடியில் நின்று அய்வார் என்கிற மிளகாய்த் தொக்கைக் கிண்டுவார்கள். என் மனைவி நெவேன்கா மட்டும் வெட்டவெளியில், எதிர்க்காற்றில், கண்ணைக் கசக்கிக்கொண்டு கிண்டுவாள். பாவம்தான். ஆனால் அந்த அறையை விட்டால் உலகத்தில் எனக்கென்று வேறு இடம் கிடையாது. அங்கே உட்கார்ந்தால்தான் நான் மனிதன்.

"எனக்கு என் சமையல்கட்டு வேணும்," என்றாள் நெவேன்கா ஒருநாள்.

"எதுக்கு?"

"நடனம் ஆட. கேள்வியைப் பாரு! சமையல்கட்டு எதுக்குங்க, சமைக்கத்தான்."

"இந்த வாத்து பறக்கட்டும், அப்புறம் பேசலாம்."

"பறக்கலேன்னா?"

வாய் சும்மா இருக்குமா? "பறக்கலேன்னா அன்னைக்கே காலி பண்றேன். ஞாயித்துக்கிழமை, மன்றத்துத் திடல்ல, ஊரே பாக்கட்டும். பறந்து முழுசா இறங்கிட்டா, நான் சாகுற வரைக்கும் அது என் இடம். நீ மூச்சு விடக் கூடாது."

"சரி."

அவ்வளவுதான். அழுகை இல்லை, ஆர்ப்பாட்டம் இல்லை. நெவேன்கா சண்டை போட்டால் நான் நிம்மதியாகத் தூங்குவேன். அவள் சரி என்று சொன்னால்தான் விடிய விடிய விழித்திருப்பேன். இருபது வருஷத்தில் அவள் சரி சொன்ன எதுவும் எனக்குச் சரியாக முடிந்ததில்லை.

வேலையில் இறங்கினேன். வாத்து விஷயத்தில் முக்கால்வாசி வேலை பாரத்தை நிறுத்துவதுதான். சாதாரண விமானத்தை இறக்கைக்கு அடியில் இரண்டு விரல் வைத்துத் தூக்கினால் சமமாக நிற்கும். வாத்தைப் பெரிய இறக்கைக்கு முன்னால், ஒன்றுமே இல்லாத நடு உடம்பில் தூக்க வேண்டும். மோட்டார் பின்னால் இருப்பதால் வால் தொங்கும். அதை ஈடுகட்ட மூக்குக்குள் பாட்டரியை வைக்க வேண்டும், போதாததற்கு ஈயம் போட வேண்டும். தூண்டில்காரன் ஜீவொராத் ஈயக்குண்டுகளை அள்ளி அள்ளிக் கொடுத்தான். நானும் எண்ணாமல் போட்டு, பஞ்சு அடைத்து, டேப் ஒட்டினேன். தூக்கிப் பார்த்தேன். ஆடாமல் அசையாமல் நின்றது. அந்த இடத்தில் இரண்டு பக்கமும் சிவப்புப் பொட்டு வைத்தேன்.

எங்கள் ஊரில் மேடு என்று ஒன்று உண்டென்றால் அது ஆற்றங்கரை அணைதான். அதன்மேல் நின்று மோட்டாரைப் போடாமல் வாத்தை மெல்லத் தள்ளிவிட்டேன். அது வழுக்கிக்கொண்டு போய்க் கீழே நீண்ட புல்லில் பூப்போல இறங்கியது. ஜீவொராத் தொப்பியைக் கழற்றினான். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், பிரசவ அறைக்கு வெளியே நிற்கும்போதுகூட எனக்கு அப்படி வந்ததில்லை.

அன்றிரவே சமையல்கட்டைப் பூட்டிச் சாவியைக் கழுத்தில் கட்டிக்கொண்டேன். மனைவியைச் சந்தேகப்படுவது பாவம். சந்தேகப்படாமல் இருப்பது முட்டாள்தனம்.

ஞாயிறு காலை. பாட்டரியைக் கழற்றி, வீட்டுச் சமையலறையில் ரொட்டி டப்பாவுக்குப் பக்கத்தில் சார்ஜ் போட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். நெவேன்கா மலைபோல் மிளகாயைக் குவித்துவைத்துக் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே சொன்னாள்:

"நான் உங்க வாத்தைத் தொடவே இல்ல."

கையில் எடுத்த முட்டை கையிலேயே நின்றது.

"இப்ப யாரு கேட்டா?"

"யாரும் கேக்கல. சும்மா சொன்னேன்."

"சும்மா ஏன் சொல்லணும்?"

"தொடல, அதனால சொன்னேன். தொட்டிருந்தா சொல்லுவேனா?"

"சாவி என் கழுத்துல தொங்குது. நீ எப்படித் தொடுவே?"

"அதானே? எப்படித் தொடுவேன்?" ஒரு மிளகாயை உதறினாள். "அந்தப் பூட்டுக்கு இன்னொரு சாவி சர்க்கரை டப்பால எப்பவும் கெடக்கு. ஆனா நான் எடுக்கல."

முட்டையைப் போட்டுவிட்டு ஓடினேன்.

கதவைத் திறந்தேன். வாத்து வைத்தது வைத்தபடி இருந்தது. வைத்தது வைத்தபடி இருந்ததே எனக்குப் பிடிக்கவில்லை. சிவப்புப் பொட்டுகளில் விரலை வைத்துத் தூக்கினேன். வால் தொபுக்கென்று தொங்கியது.

நேற்றுச் சமமாக நின்றது இன்று வாலைப் போடுகிறது. அப்படியென்றால் மூக்கிலிருந்து ஈயத்தை எடுத்திருக்கிறாள்! தொடவில்லையாம், தொடவில்லை! இன்னொரு தடவை தூக்கினேன். இன்னொரு தடவை தொங்கியது. கண்ணுக்கு முன்னால் பிளம் மரம் வந்தது, சோளக்கொல்லை வந்தது, நடுவில் ஓர் அடுப்பும் வந்தது.

வேலிக்கு ஓடினேன். "ஜீவொராத்! ஈயம்! இருக்கிற ஈயத்தையெல்லாம் கொடு!"

"இனிமே நான் எதை வெச்சுய்யா மீன் பிடிக்கிறது?"

"மீன் கெடக்குது, என் மானம் போகுதுய்யா!"

அள்ளிக்கொண்டு வந்து டேப்பைப் பிரித்து மூக்கில் திணித்தேன். வால் எழுந்தது. சமமாக நின்றது. அப்பாடா! ஆனால் மறுபடியும் எடுத்துவிட்டால்? எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு பிடி போட்டேன். வால் கனத்தால் சாவு. மூக்கு கொஞ்சம் கனத்தால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது என்று மன்றத்தில் எல்லாரும் சொல்வார்கள். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று யாரும் சொன்னதில்லை.

வாத்தை அணைத்துத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். நெவேன்கா நல்ல உடுப்பு உடுத்தி, தலைக்குத் துணி கட்டி, கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"இதை மறந்துட்டீங்களே. நல்லாச் சூடா சார்ஜ் ஆயிருக்கு."

பாட்டரி. வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். தாங்க்ஸ் வேறு சொன்னேன்.

திடலில் மன்றமே கூடியிருந்தது. ஊரும் கூடியிருந்தது. என் கண் வாத்தின் மேல் இல்லை, அவள் கை எங்கே போகிறது என்பதிலேயே இருந்தது. அவள் வாத்துக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. புல்லில் துணி விரித்து, கால் நீட்டி உட்கார்ந்து, சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தாள். அந்த அமைதி என்னைக் கொன்றது. மன்றத் தலைவர் திஹோமிர் என் பெயரைக் கூப்பிட்டார். அவசர அவசரமாகப் பாட்டரியை மூக்கில் செருகி மூடினேன். நான் ரிமோட்டைப் பிடித்தேன், வீசுவதற்கு ஜீவொராத் வாத்தைப் பிடித்தான்.

"என்னய்யா இது, வாத்தா, எருமையா?"

"வீசு!"

"இல்ல ஸ்வெதோ, தூக்கவே முடிய..."

"வீசுய்யா!"

வீசினான். எங்கள் நாட்டில் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை தரை சமம். முட்டிக்கொள்ள மரமும் இல்லை, மலையும் இல்லை. ஒரு விமானத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? நான் மேலே, மேலே என்று ரிமோட் குச்சியை இழுத்தேன். வாத்து கீழே, கீழே என்று போனது. சுற்றவில்லை, மல்லாக்க விழவில்லை, ஆடக்கூட இல்லை. நேராகப் போய் மண்ணில் மூக்கைக் குத்தி நின்றது. காற்றாடி மட்டும் வானத்தைப் பார்த்து நாலு சுற்றுச் சுற்றி ஓய்ந்தது.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

திஹோமிர் அதைப் பிடுங்கி எடுத்தார். மூக்கு பிளந்து ஈயக்குண்டுகள் பொலபொலவென்று கொட்டின. கொட்டிக்கொண்டே இருந்தன.

"எதுக்குப்பா இவ்வளவு ஈயம்?"

"வால் கனமா இருந்துச்சு தலைவரே."

"எப்போ பாத்தே?"

"இன்னைக்குக் காலையில."

"பாட்டரியை உள்ள வெச்சுப் பாத்தியா, வெக்காம பாத்தியா?"

ரொட்டி டப்பாவும் அதன் பக்கத்தில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த பாட்டரியும் கண்முன் வந்தன. குனிந்து ஈயக்குண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தேன்.

ஜீவொராத் திடலோரம் நிறுத்தியிருந்த தன் டிரெய்லரின் தார்ப்பாயை விலக்கினான். உள்ளே ஓர் அடுப்பு. நெவேன்காவின் தங்கை வீட்டு அடுப்பு, பளபளவென்று துடைத்து வைத்திருந்தது.

"உன் வீட்டம்மாதான் வர்ற வழியில ஏத்திக்கச் சொன்னாங்கய்யா," என்றான், என்னைப் பார்க்காமல்.

சாயங்காலம் கோடைச் சமையல்கட்டின் புகைபோக்கியில் புகை வந்தது. என் மேசை அதற்குள் கராஜுக்குக் குடிபோயிருந்தது. நான் முக்காலியில் உட்கார்ந்து சுட்ட மிளகாய்க்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தேன். விரலெல்லாம் எரிந்தது, அதைவிட நெஞ்சு எரிந்தது. அவள் பெரிய சட்டியில் கிண்டிக்கொண்டிருந்தாள்.

"நெவேன்கா, நெசமாச் சொல்லு. தொட்டியா?"

"மாதா சத்தியமா தொடல."

"பாட்டரி வெளிய இருந்ததைப் பாத்தியா?"

"பக்கத்துலதானே நின்னுகிட்டிருந்தேன். ஈயம் கேட்டு வேலிக்கு ஓடினதையும் ஜன்னல் வழியா பாத்தேன்."

"அடிப்பாவி, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா?"

யோசித்துப் பார்த்தேன். சத்தியமாக நம்பியிருக்க மாட்டேன். இன்னும் ஒரு பிடி ஈயம் போட்டிருப்பேன்.

என் முகத்தைப் பார்த்து அவளுக்கே மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. கரண்டியில் கொஞ்சம் அய்வாரை எடுத்து, ஊதி, ரொட்டியில் தடவி என் வாயில் ஊட்டினாள். முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

"மனசைத் தளர விடாதீங்க. அடுத்த வருஷமும் ஒண்ணு செய்யுங்க, இதைவிடப் பெருசா. அந்த கராஜ் மேலயும் எனக்கு ரொம்ப நாளா ஒரு கண்ணு."