முப்பத்துநாலாம் அறைக்கு வழி

சுற்றுலாப் பயணிகளில் பல தினுசு உண்டு. கடைத்தெருவை அளக்க வருகிறவர், கடற்கரையில் கால் நீட்ட வருகிறவர், ஜன்னலோர இருக்கை கிடைத்ததும் தூங்கிப்போகிறவர். இவர்களால் யாருக்கும் தொந்தரவில்லை. நான் சொல்ல வந்தது இலவச அனுமதிக்காரரைப் பற்றி. அயல்நாட்டில் கால் வைத்ததும் முதல் வேலையாக, எந்தெந்த அருங்காட்சியகத்தில் நுழைவுச்சீட்டு கேட்பதில்லை என்று விசாரிப்பாரே, அவரேதான். சொந்த ஊர் அருங்காட்சியகம் எந்தத் தெருவில் இருக்கிறது என்று அவரிடம் கேட்டுப் பாருங்களேன். திருதிருவென்று விழிப்பார்.

நமக்குத் தெரிந்த ஒருவரையே எடுத்துக்கொள்வோம். பத்திரப் பதிவு அலுவலகத்தில் கண்காணிப்பாளர். முப்பது வருஷமாக ஒவ்வொரு பத்திரத்தையும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டி, மூலையில் சுருக்கொப்பம் போட்டே பழகிய கை. ஒரு பக்கத்தைத் தாண்டிப் போவது அவர் ஜாதகத்திலேயே கிடையாது. மனைவி பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியை. இருவருமாக வந்த இந்த அயல்நாட்டுப் பயணத்தில் அந்த அம்மாள் கேட்டது ஒன்றே ஒன்று. ஜன்னலோரம் நின்று துணி மடிக்கிற ஒரு பெண்ணின் ஓவியம். படிக்கிற காலத்தில் பாடப்புத்தகத்தில் தீப்பெட்டி அளவில், அதுவும் கறுப்பு வெள்ளையில் பார்த்தது. அந்தப் பெண்ணின் உடை என்ன நிறமாக இருக்கும்? இணையத்தில் தேடினால் ஒரு படத்தில் பச்சை, இன்னொன்றில் நீலம். இருபத்தைந்து வருஷமாக மனசை அரிக்கிற கேள்வி. மூல ஓவியம் இந்த ஊரில், நுழைவுச்சீட்டு கேட்காத கலைக்கூடத்தில், முப்பத்துநாலாம் அறையில் இருக்கிறது. மறுநாள் காலையில் விமானம்.

நேராக அங்கே போயிருக்கலாமே என்கிறீர்களா? நல்லாயிருக்கிறதே! முதல் அறை என்று ஒன்று எதற்கு இருக்கிறதாம்? காலை பத்து மணிக்கு ஒன்றாம் அறையில் தொடங்கினார். அவர் ஓவியத்தைப் பார்ப்பதில்லை. பக்கத்தில் ஒட்டியிருக்கும் விளக்கச் சீட்டைப் படமெடுப்பார், பிறகு ஓவியத்தைப் படமெடுப்பார், “வீட்டுக்குப் போய் நிதானமா பாத்துக்கலாம்” என்பார், நகர்வார். ஒன்பதாம் அறையில் காற்றின் ஈரத்தை அளக்கச் சுவரில் மாட்டியிருந்த கருவியையும் விடவில்லை. அதற்குச் சீட்டு ஒட்டவில்லையே என்று காவலரிடம் குறைபட்டுக்கொண்டார். மத்தியானம் மனைவி ஒருமுறை மெல்ல நினைவுபடுத்தினாள். அது எங்கே ஓடிப் போகப்போகிறது, வரிசையில் வரும் என்று சொல்லிவிட்டார்.

இருபத்தெட்டாம் அறை முழுக்கப் பழைய பூட்டுகள். நூற்றுப் பன்னிரண்டு பூட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு. நாற்பதாவது பூட்டில் மணி அடித்தது. இன்னும் கால் மணி நேரத்தில் கலைக்கூடம் மூடப்படும் என்று ஒலிபெருக்கி சொன்னது.

“ஏங்க, பூட்டு நம்ம வீட்லயும் இருக்கு. நான் முப்பத்துநாலுக்குப் போறேன்.”

“வரிசைய விட்டுட்டா? சும்மா விடறாங்க, பாதில போகலாமா? இரு, அஞ்சே நிமிஷம்.”

அவள் இருக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாகத் திரும்பிப் பார்க்காமல் போனாள். பின்னாலேயே ஓடத்தான் அவர் மனசு சொன்னது, ஆனால் கண் எதிரே நாற்பத்தொன்றாவது பூட்டு. நான்கு நான்காகச் சேர்த்துப் படமெடுத்தார், அடுத்த ஐந்து அறைகளையும் வேர்க்க விறுவிறுக்க நடந்தபடியே படமெடுத்தார், முப்பத்துநாலாம் அறை வாசலுக்கு வந்தபோது காவலர் கதவை இழுத்து மூடிக்கொண்டிருந்தார். கடைசி ஆளாக மனைவி வெளியே வந்தாள். கண் கலங்கியிருந்தது, முகமெல்லாம் சிரிப்பு.

“போட்டோ எடுத்தியா?”

“இல்லையே.”

“பின்ன இவ்வளவு நேரம் என்னதான் பண்ணின?”

“பாத்துக்கிட்டிருந்தேன்.”

காவலரிடம் கையைக் காலை ஆட்டிக் கெஞ்சிப் பார்த்தார். பலிக்கவில்லை. வேறு வழியில்லாமல், எண் பொறித்த அந்த மூடிய கதவை நேராக ஒன்று, சாய்வாக ஒன்று படமெடுத்துக்கொண்டார். விடுதிக்குத் திரும்பும் பேருந்தில் ஏறினார்கள். இரண்டு நிறுத்தம் தாண்டிய பிறகு மனைவி பக்கம் திரும்பினார்.

“சரி, அந்தப் பொண்ணு டிரஸ் என்ன கலர்?”

மனைவி இருக்கையில் நன்றாகச் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

“வீட்டுக்குப் போய் நிதானமா பாத்துக்கலாங்க.”

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும் உங்கள் கைப்பேசியில் போன பயணத்துப் படங்களைக் கொஞ்சம் புரட்டுங்கள். ஆயிரத்துச் சொச்சம் இருக்குமே, ஊர் திரும்பியபின் ஒருநாளாவது திறந்தீர்களா? நடுவில் எங்கேயாவது ஒரு மூடிய கதவு தட்டுப்பட்டால் பதற வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் பணிவாகக் கேளுங்கள், உள்ளே என்ன இருந்தது என்று. மனசு வைத்தால் சொல்வார்.