நொரீன் மூடிய பாதை

"வரும்போது பெரிய கடப்பாரையை எடுத்துட்டு வா லெஸ். சின்னதைக் கொண்டுவந்து நிக்காதே."

என் மனைவி நொரீன் என்னிடம் கடைசியாகச் சொன்னது இதுதான். ஏப்ரல் முதல் செவ்வாய்க்கிழமை, காலை ஏழு மணி. சமையலறை வாசலில் குனிந்து பூட்ஸ் கயிற்றை முடிந்துகொண்டே சொன்னாள். பதினொரு மணிக்கு, மலையில் வேலை நடுவே, அவள் இதயம் நின்றுவிட்டது. அறுபத்திரண்டு வயது. நான் கடப்பாரையோடு பாதி வழியில் இருந்தேன்.

கடப்பாரை எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். ஒரு திருட்டுப் பாதையை மூடுவதற்கு.

ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாத் தீவில், வடகிழக்கு மூலையில் இருக்கிறது எங்கள் ஊர். ஊருக்குப் பின்னால் பைன் காடு. அந்தக் காட்டில் இருக்கும் மலைச் சைக்கிள் பாதைகள் எல்லாம் நொரீன் போட்டவை. பதினேழு வருஷமாகச் சைக்கிள் சங்கத்தின் பாதைப் பொறுப்பாளர் அவள்தான். மொத்தம் பதினான்கு பாதைகள். பதினான்கிலும் கறுப்புப் பலகை. அதாவது, கைதேர்ந்தவர்கள் மட்டும் இறங்கலாம். மெல்போர்னிலிருந்து கப்பலேறி வந்து, கையை முறித்துக்கொண்டு, "அற்புதம்!" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். எனக்கு அதில் கொள்ளைப் பெருமை. "இது என் பெண்டாட்டி போட்ட பாதை" என்று ஆம்புலன்ஸ்காரரிடம்கூடச் சொல்லியிருக்கிறேன்.

பிப்ரவரியில் வன அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. காட்டில் அனுமதி இல்லாத பாதை ஒன்று இருக்கிறது, ஏப்ரல் கடைசிக்குள் மூட வேண்டும், இல்லாவிட்டால் சங்கத்துக்குக் கொடுத்த அனுமதி ரத்து. பதினான்கு பாதைகளும் போய்விடும்.

நொரீன் கடிதத்தை மேஜையில் அறைந்தாள்.

"எவனோ என் காட்டுல கை வச்சிருக்கான்! கையில கிடைச்சான்னா சைக்கிளோட சேர்த்து ஆத்துல தள்ளிடுவேன்."

"தள்ளணும்தான்" என்றேன்.

அந்த எவனோ நான்தான்.

அவள் மலையில் மண்வெட்டியோடு இருக்கும் நாளெல்லாம் பதினொரு மணிக்குத் தேநீரும் இறைச்சி அடைத்த ரொட்டியும் கொண்டுபோவது என் வேலை. தபால் நிலையத்திலிருந்து ஓய்வு பெற்றவனுக்கு வேறு என்ன வேலை? லாரிச் சாலை மலையைச் சுற்றிப் போகும், தேநீர் ஆறிவிடும். அவள் போட்ட பாதைகளைப் பார்த்தாலே எனக்குத் தலை சுற்றும். அதனால் பெரணிச் செடிகளுக்கு நடுவே, சைக்கிள் போகிற அகலத்துக்கு, இரண்டு வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவி ஒரு வழி பண்ணி வைத்திருந்தேன்.

"பரவாயில்லையே, சூடா இருக்கே" என்பாள்.

"சாலையில வேகமா மிதிச்சேன்" என்பேன்.

முதல் வாரம் அவள் பாதைக்குக் குறுக்கே ஒரு பைன் கட்டையைப் போட்டாள். மறுநாள் நான் பிளாஸ்கோடு அதன் முன்னால் போய் நின்றேன். சுற்றிப் போக இடமில்லை. கட்டைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மண்ணைக் குவித்து, சைக்கிளை உருட்டிக்கொண்டு தாண்டினேன். சனிக்கிழமை சங்கத்துப் பையன்கள் அதன் மேல் பறந்துகொண்டிருந்தார்கள். சங்கச் செயலாளர் ரஸ் வீட்டுக்கே வந்துவிட்டான்.

"நொரீன், அந்தக் கட்டை பிரமாதம்! யாரோட யோசனை?"

"வெளியே போ" என்றாள் நொரீன்.

இரண்டாவது, ஒரு டிரெய்லர் நிறையக் கல் கொண்டுவந்து கொட்டினாள். நான் தட்டைக் கற்களாகப் பொறுக்கி வரிசையாகப் பதித்தேன், சக்கரம் சறுக்காமல் போக. அடுத்த வாரம் லான்செஸ்டனிலிருந்து இரண்டு வேன் நிறைய ஆள் வந்தது.

மூன்றாவது, பள்ளம் வெட்டினாள். அன்று மழை. சேறாகக் கிடந்த இடத்துத் தண்ணீரெல்லாம் அந்தப் பள்ளத்தில் வடிந்து, பாதை பிஸ்கட் மாதிரி காய்ந்துவிட்டது. பள்ளத்தின் மேல் நான் இரண்டு பலகை போட்டேன். தாய்மார்கள் குழந்தைகளை அழைத்துவர ஆரம்பித்தார்கள். 'மூடப்பட்டுள்ளது' என்று அவள் நட்ட பலகைக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

நான் நிறுத்தப் பார்க்கவில்லை என்று நினைக்காதீர்கள். ஒரு நாள் ஒழுங்காகச் சாலை வழியே போனேன்.

"ஆறிப்போச்சு" என்றாள், முழுத் தேநீரையும் புல்லில் ஊற்றிவிட்டு. "வயசாகுதா லெஸ்?"

மறுநாள் மறுபடியும் பெரணி வழிதான்.

ஒரு ராத்திரிச் சாப்பாட்டில் அவளே பேச்சை எடுத்தாள்.

"அந்தத் திருட்டுப் பயல் கல்லைப் பாத்துப் பாத்துப் பதிச்சிருக்கான்."

நான் பட்டாணியைத் தட்டில் உருட்டினேன். "திறமைசாலின்னு சொல்றியா?"

"திறமையா? மருந்துக்குக்கூடக் கிடையாது. பிடிவாதம் இருக்கு." உருளைக்கிழங்கை என் தட்டில் தள்ளினாள். "சாப்பிடு."

அன்றே சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. கடைசி வளைவில் ஒரு பாறையைப் புரட்டிப் போட வேண்டும் என்று அவள் கடப்பாரை கேட்ட காலையிலும் சொல்லவில்லை.

அவளை அடக்கம் செய்த அன்று சங்கத்து ஆட்கள் சேறு படிந்த சைக்கிள்களோடு இரண்டு வரிசையாக நின்றார்கள். நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். பதினேழு வருஷத்தில் அவள் ஒரு காரியத்தையும் பாதியில் விட்டதில்லை. இப்போது வன அலுவலகத்தின் கோப்பில், ஒரு பாதையை மூடத் தெரியாதவள் என்று அவள் பெயர் நிற்கப் போகிறது. என்னால். ஒரு பிளாஸ்க் தேநீருக்காக.

ஏப்ரல் கடைசி வெள்ளிக்கிழமை வன அலுவலகத்திலிருந்து மார்னி வந்தாள். ரப்பர் பூட்ஸ் போட்ட சின்னப் பெண். கையில் அளவுச் சக்கரம், கக்கத்தில் கோப்பு. திருட்டுப் பாதையை அடியிலிருந்து உச்சிவரை நடந்தாள். கட்டையைத் தட்டிப் பார்த்தாள், கற்களின் மேல் ஏறிக் குதித்தாள், பள்ளத்தில் குனிந்து எட்டிப் பார்த்தாள். ரஸ் பின்னாலேயே வந்துகொண்டிருந்தான், முகம் வெளுத்து.

உச்சியில் நான் தொப்பியைக் கழற்றினேன்.

"இதைப் போட்டது நான்தான்மா. சங்கத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. நொரீனுக்கு ஒண்ணும் தெரியாது. அவ மூட மூட நான் திறந்தேன். எழுதிக்கோ, என்னைக் காட்டுக்குள்ள விடாதீங்க, அவ பாதைகளை மட்டும் விட்டுடுங்க."

"யோவ் லெஸ்!" என்றான் ரஸ். "நீயா? நீ லாரிச் சாலையிலேயே இறங்கித் தள்ளிட்டுப் போற ஆளாச்சே!"

மார்னி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். கோப்பைத் திறந்து, பின் குத்திய ஒரு தாளைத் தேடி எடுத்தாள். நொரீனின் சாய்ந்த கையெழுத்தை நான் தலைகீழாகவே அடையாளம் கண்டுகொண்டேன்.

"மூடுற உத்தரவை மார்ச் முதல் வாரமே நிறுத்தி வச்சாச்சே, உங்களுக்குத் தெரியாதா? நான் அளக்க வந்ததே இதுக்கு அனுமதி கொடுக்கத்தான். அவங்க விண்ணப்பம் இதோ இருக்கு: 'பச்சைப் பலகைப் பாதை, புதிதாகச் சைக்கிள் பழகுபவர்களுக்கு. போட்டவர் என் கணவர் லெஸ். பயந்த சுபாவம். வாரத்துக்கு ஒன்றாகக் கட்டை, கல், பள்ளம் என்று வைத்து அவரைப் பழக்கிக்கொண்டிருக்கிறேன். அவரிடம் சொல்லிவிடாதீர்கள், நிறுத்திவிடுவார்.'"

எங்கள் மலையில் பச்சைப் பலகை இன்றைக்கும் அது ஒன்றுதான்.