குண்டம்மாவுக்கு ஏன் பிரேக் பிடிக்கவில்லை

சாந்தியாகோ தே கூபா,
செவ்வாய்க்கிழமை

அன்பு மனைவி மிக்தாலியாவுக்கு,

கோப்ரே மாதா புண்ணியத்தில் இங்கே நானும் நாயும் சுகம். அங்கே மயாமியில் நீயும் மகள் யானேய்சியும் மாப்பிள்ளையும் பேரனும் அவ்வாறே இருக்க வேண்டுகிறேன். இரண்டு மாதம் என்று சொல்லிப் போனவள் நீ. இது ஐந்தாவது மாதம். மகள் மறுபடி உண்டாகியிருக்கிறாள், பிரசவம் வரைக்கும் இருந்துவிட்டு வரட்டுமா என்று கேட்டு எழுதியிருந்தாய். அதற்குப் பதிலைக் கடைசியில் சொல்கிறேன். அதற்குள் வேறு யார் வாயாலாவது நீ கேள்விப்பட்டுப் பதறக் கூடாது என்பதால், நம் கார் குண்டம்மாவின் சமாச்சாரம் முதலில்.

போன சனிக்கிழமை காலை எதிர்வீட்டு ஒனேலியா, பேத்தியின் பதினைந்தாம் பிறந்தநாள் கேக்கை மண்டபத்தில் சேர்க்க வேண்டும் என்று கெஞ்சினாள். மூன்றடுக்குக் கேக், நீல க்ரீம். அதை மடியில் வைத்துக்கொண்டு நீ உட்காரும் சீட்டில்தான் உட்கார்ந்தாள் (பின்கதவு திறப்பதில்லை, தப்பாக நினைக்காதே). நம் தெரு எப்படிச் செங்குத்தாக இறங்கும் என்று உனக்குத் தெரியும். பாதி இறக்கத்துல பிரேக்கை மிதிச்சேன், அது தரைவரைக்கும் போச்சு, வெண்ணெயில கால் வெச்ச மாதிரி. மறுபடி மிதிச்சேன், மறுபடியும் மிதிச்சேன், ஒண்ணுமில்ல. கைபிரேக் இருந்த இடத்துலதான் நாம குடை சொருகி வெச்சிருக்கோமே. ஒனேலியா மாதாவைக் கூப்பிட்டா, நான் உன்னைக் கூப்பிட்டேன். கியரைக் குறைச்சு, நடைபாதை ஓரத்துல டயரைத் தேய்ச்சுக்கிட்டே வந்து, முக்குல டோமினோ ஆடுறவங்க மேசையைத் தட்டி விட்டுட்டு, வீடு கட்டக் கொட்டியிருந்த மணல்ல போய் நின்னேன். யாருக்கும் காயமில்லை. பேத்தியின் பெயர் மட்டும் கேக்கிலிருந்து என் நெற்றிக்கு வந்துவிட்டது. ஜெயிக்கப் போன ஆட்டத்தைக் கெடுத்த பாவி என்று கிழவர் ஞீக்கோ இன்னும் என்னோடு பேசுவதில்லை.

அதற்குப் பிறகு ஊரே வைத்தியராகிவிட்டது. குழாயில் காற்றுப் புகுந்துவிட்டது என்றான் ஒருவன், டிரம் தேய்ந்துவிட்டது என்றான் இன்னொருவன். ஒனேலியா, முடியிலிருந்து க்ரீமை வழித்துக்கொண்டே, கண்ணேறு என்றாள். கடைசியில் உன் தம்பி எவுசேபியோ சாவகாசமாகக் காபி குடித்துவிட்டு வந்தான். நாலு சக்கரத்தையும் கழற்றினான். குழாய் உடையவில்லை, டிரம்மில் குறையில்லை. பின்பக்கம் வலது சக்கரத்துக்குள்ளே மட்டும் கொஞ்சம் ஈரம், அதுவும் பல வருஷ அழுக்கோடு இறுகிப்போன பழைய ஈரம். பிறகு என் காலடியில் கிடந்த பாயைத் தூக்கி, அடியில் இருக்கும் தகட்டைக் கழற்றி, பிரேக் ஆயில் டப்பாவைத் திறந்தான். ஒரு சொட்டுகூட இல்லாமல் காய்ந்து கிடந்தது.

"மச்சான், இது இன்னிக்கு நேத்து ஒழுக்கு இல்ல. இத்தனை வருஷமா ஆயில் ஊத்திக்கிட்டு வந்தது யாரு?"

யாருமில்லை என்றேன். பதினோரு வருஷமாய் என் பிரேக்கில் எவனும் கை வைத்ததில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டவன் அல்லவா நான். அவன் சீட்டுக்கு அடியில் கையை விட்டு ஒரு பாட்டிலை எடுத்தான். அதில் உன் கையெழுத்தில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது: 'பெர்மீன், இது ரம் இல்லை, குடிக்காதே.' முகர்ந்து பார்த்தேன். விளக்கெண்ணெயும் ஆல்கஹாலும், பிரேக் ஆயில் கிடைக்காத நம் ஊரில் அதற்குப் பதிலாகக் கலந்து ஊற்றுவது. நீ மாதாமாதம் மருந்துக்கடையில் விளக்கெண்ணெய் வாங்கியதைப் பார்த்து, பாவம் இவளுக்கு வயிறு சரியில்லை என்று பதினோரு வருஷமாய்ப் பப்பாளியாய் வாங்கித் தந்தேனே, ஒரு வார்த்தை சொல்லாமல் அத்தனையும் தின்றாயே. ஞாயிற்றுக்கிழமை ஆனால் கார்ப் பாயைத் தட்டுகிறேன் என்று நீ போவதும், முகத்தைக்கூட இப்படிக் கழுவமாட்டாய் என்று நான் கேலி செய்ததும் ஞாபகம் வந்து, நடுத்தெருவில் வெட்கமாகப் போய்விட்டது.

"ஏண்டா என்கிட்ட சொல்லல அவ?"

"சொல்லியிருந்தா அந்த டோமினோ மேசையில நீ எதைப் பீத்திக்குவே?" என்றான். "வண்டிக்கு ஒரு நோயும் இல்ல மச்சான். அக்கா ஊர்ல இல்ல, அதான் நோய்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இப்போது உன் கேள்விக்குப் பதில். பிரசவம் முடியும்வரை தாராளமாக இருந்துவிட்டு வா. எனக்கு ஒரு குறையும் இல்லை. சோறும் கறுப்பு பீன்சும் நானே சமைக்கிறேன், நாய் சாப்பிடுகிறது. ஆயில் ஊற்றவும் பழகிக்கொண்டேன். பெற்ற மகளுக்கு இந்த நேரத்தில் தாய் வேண்டாமா? மகளுக்கும் வயிற்றில் இருப்பதற்கும் என் ஆசீர்வாதம், பேரனுக்கு முத்தம், மாப்பிள்ளைக்கு மரியாதை.

இப்படிக்கு,
உன் கணவன் பெர்மீன்

பி.கு.: மேலே இருப்பதை மகளுக்குப் படிச்சுக் காட்டு, அது அவளுக்காக எழுதினது. இதைக் காட்டாதே. எவுசேபியோ அந்தப் பின்சக்கரத்துக்குப் புது வாஷர் போட்டுட்டான், இப்ப ஒரு சொட்டு ஒழுகல. ஞாயித்துக்கிழமை உன் பாட்டிலை எடுத்துக்கிட்டுப் போய்ப் பாயைத் தூக்கிப் பார்த்தேன். டப்பா நிறைய இருக்கு, ஊத்த வேலையே இல்ல. அங்கேயே உக்காந்து அழுதுட்டேன். பிரசவத்துக்கு மாப்பிள்ளையோட அம்மா வரட்டும். நீ வந்துடு.