தூணுக்குப் பின்னால் ஓர் இருக்கை

மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் அன்று காலை முகச்சவரம் செய்துகொண்டிருக்கும்போதே முடிவெடுத்துவிட்டார். இறுதிப் போட்டிக்குப் போயே தீருவது. மனைவி குறுக்கே நின்றால் சுற்றிக்கொண்டு போவது. குப்புறப் படுத்தால் தாண்டிப் போவது. இந்த வீர உரையை அவர் நிலைக்கண்ணாடியிடம் நிகழ்த்தினார். சத்தம் வராமல்.

ஊரின் பழைய ஸ்டேடியத்துக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது. இரும்புத் தூண்கள் தாங்கி நிற்கும் அதன் மரக் கேலரியை அடுத்த மாதம் இடிக்கப் போகிறார்கள். எத்தனையோ தலைமுறைப் பச்சைப் பெயிண்ட் அந்தத் தூண்களில் ஒன்றன்மேல் ஒன்றாகத் தடித்துக் கிடந்தது. கூரை முழுக்கப் புறாக்கள். அங்கே உட்கார்ந்து, ஊர் அணி ஒரு கோல் போடுவதைக் கடைசியாக ஒருமுறை கண்ணால் பார்த்துவிட வேண்டும். அவ்வளவுதான் அவர் ஆசை. ஊருக்கெல்லாம் கண் தெரிய வைக்கிற மனிதருக்கு இதுகூடக் கூடாதா?

கூடாது. ஏனென்றால் போன வருடம் அவருடைய நெஞ்சு ஒரு தடவை மிரட்டிவிட்டுப் போனது. மனைவியோ நர்ஸ். ஆஸ்பத்திரியில் ஒரு வார்டையே அதட்டி வைத்திருக்கிறவள், வீட்டில் இருக்கிற ஒற்றை நோயாளியை விடுவாளா?

“டாக்டர் என்ன சொன்னார்? ஆட்டம் பாட்டம் எதுவும் கூடாதுன்னார். ஆட்டத்தைத்தான் முதல்ல சொன்னார்.”

“நானா ஆடப் போறேன்? ஆடுறவனைப் பார்க்கத்தானே போறேன்?”

“ஆடுறவன் ஒழுங்கா ஆடுவான். பார்க்கிற நீங்கதான் குதிப்பீங்க. டிவியில பழைய மேட்ச் போட்டப்பவே ஸ்டூலை உடைச்சவராச்சே. அதுவும் முடிவு தெரிஞ்ச மேட்ச்!”

“இதுதான்டி கடைசித் தடவை.”

“அதுதான் எனக்கும் பயம்.”

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டார்.

ஆனால் சாயங்காலம் டியூட்டி முடிந்து வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள். “சரி, போய்ட்டு வரலாம். தனியா மட்டும் விடமாட்டேன். நானும் வரேன்.”

அவர் சந்தோஷத்தில் சந்தேகப்பட மறந்தார்.

மறுநாளே ஸ்டேடியத்தில் டிக்கெட் கொடுக்கிறவர் மூக்குக் கண்ணாடிக்குத் திருகாணி போட்டுக்கொள்ளக் கடைக்கு வந்தார். லேசாக நொண்டிக்கொண்டுதான் வந்தார்.

“ரெண்டே டிக்கெட்தான் சார் மிச்சம். அடுத்தடுத்த சீட். ஒண்ணு ராஜா சீட். இன்னொண்ணு தூணுக்குப் பின்னாடி.”

“அங்கேயிருந்து என்ன தெரியும்?”

“தூண் தெரியும்.”

கடைக்காரர் இரண்டையும் வாங்கிக்கொண்டார். மனைவிக்குக் கால்பந்தும் பூசணிக்காயும் ஒன்றுதான். அவள் எதைப் பார்த்தால் என்ன? தூணைக் கொஞ்சம் தூக்கிப் பேசினால் தானாகவே போய் உட்கார்ந்துவிடுவாள்.

போட்டி நாள். திரும்பிய பக்கமெல்லாம் தலைகள். தேய்ந்த படிகளில் மூச்சு வாங்காதது போல ஏறி, வரிசையைக் கண்டுபிடித்ததும் அவர் ஆரம்பித்தார்.

“அந்தத் தூண் பக்கத்து சீட் உனக்கு. சாதாரணத் தூண்னு நெனைச்சுடாதே. இங்கே முதன்முதலா நட்ட தூணே அதுதான். பெரிய பெரிய ஆட்டக்காரங்கள்லாம் இதைத் தொட்டுட்டுத்தான் மைதானத்துல இறங்குவாங்க. வெயில் படாது. காத்துகூட ரெண்டா பிரிஞ்சு வந்து வீசும்!”

அவள் கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள். “அவ்வளவு பெருமையா?”

“பின்னே?”

“அப்போ அதுல நான் உக்காரலாமா? பந்து எது, பல்பு எதுன்னு தெரியாத ஜென்மம். காலமெல்லாம் இந்த இடத்தையே நெனைச்சு உருகினவர் நீங்க. நீங்க உக்காருங்க.”

“இல்லைடி, நீதான்…”

“போதுங்க. எப்பப் பார்த்தாலும் நல்லதையெல்லாம் எனக்கே விட்டுக் கொடுத்துட்டு!” அவள் குரல் தழுதழுத்தது. கண்கூடக் கலங்கின மாதிரி இருந்தது.

பின்வரிசையில் இருந்த பருமனான ஆள் எட்டிப் பார்த்தார். “அம்மாதான் இவ்வளவு சொல்றாங்களே, உக்காருங்க சார். மறைக்குது.”

உட்கார்ந்தார். பந்தைப் பார்க்க வந்தவர் பந்தா பண்ணி மாட்டிக்கொண்டார்.

இடப்பக்கம் ஒரு மூலைக்கொடி தெரிந்தது. வலப்பக்கம் பாதி மைதானம். இரண்டுக்கும் நடுவே, கோல் கம்பம் இருக்க வேண்டிய இடத்தில், பச்சைப் பெயிண்ட்.

ஊர் அணி அந்தப் பச்சைக்குள்தான் பந்தைக் கொண்டுபோனது. திடீரென்று கேலரியே எழுந்து கத்தியது. புறாக்கள் கொத்தாகப் பறந்தன.

“யாரு? யாரு போட்டது?”

“நம்ம ஆளுதான். உக்காருங்க.”

“எப்படிடி போட்டான்?”

“காலால.”

எட்டிப் பார்க்கலாம் என்று அவள் பக்கம் சாய்ந்தால் கைப்பை குறுக்கே வந்தது. எழுந்தால் பின்வரிசை சட்டையைப் பிடித்து இழுத்தது.

இடைவேளைக்குப் பிறகு அணிகள் பக்கம் மாறின. இப்போது எதிரணி அந்தப் பச்சையை நோக்கிப் பாய்ந்தது. அப்போதுதான் அது நடந்தது. மனைவி மெல்ல அவர் கையைப் பிடித்தாள். கல்யாணப் போட்டோவில் போட்டோக்காரர் சொல்லிப் பிடித்ததற்குப் பிறகு, நாலு பேர் நடுவில் அவள் பிடித்ததேயில்லை. அவருக்கு ஒரு நிமிடம் பந்தே மறந்துபோயிற்று.

ஆட்டம் முடியப்போகிற நேரம். சட்டென்று அத்தனை ஜனமும் அடங்கியது. கூரைத் தகரம் காற்றில் முனகுவதுகூடக் கேட்டது.

“என்ன ஆச்சு? ஏன் யாருமே பேசலை?”

“ஒண்ணுமில்லை. ஒருத்தர் ஷூவுக்கு லேஸ் கட்டறார்.”

“அதுக்கா இவ்வளவு அமைதி?”

“சிக்கிக்கிச்சு போல. மூச்சை நல்லா இழுத்து விடுங்க.”

விட்டார். அந்த மூச்சு முடிவதற்குள் இடி விழுந்தது போல ஆரவாரம். பருமனான ஆள் அழுதுகொண்டே அவர் முதுகில் அடித்தார்.

“லேஸுக்கா இந்தக் கூச்சல்?”

“நல்லாக் கட்டினார்.”

ஒன்றுக்குச் சைபர். ஊர் அணிக்குக் கோப்பை. படி இறங்கும்போதுதான் பருமனான ஆள் விஷயத்தை உடைத்தார். “கடைசி நேரத்துல ரெஃப்ரி அவங்களுக்குப் பெனால்டி குடுத்துட்டானே சார்! நம்ம கீப்பர் விரல் நுனியால தட்டிவிட்டார் பாருங்க… என் உயிரே போய்ட்டு வந்துச்சு!”

கடைக்காரர் அங்கேயே நின்று நெஞ்சைத் தொட்டுப் பார்த்தார். உயிர் போகவுமில்லை, வரவுமில்லை. வைத்த இடத்திலேயே இருந்தது. அதை மட்டும் கண்ணால் பார்த்திருந்தால்? பெரிய பாரம் இறங்கினாற்போல் இருந்தது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் தாராளமாகவே ஒப்புக்கொண்டார்.

“ஒரு விதத்துல அந்தத் தூண் நல்லதுதான் பண்ணுச்சு.”

“அதுக்குத்தானே கேட்டு வாங்கினேன்.”

“என்னது?”

“டிக்கெட்காரர் கொஞ்ச மாசம் முன்னாடி கால் முறிஞ்சு எங்க வார்டுலதான் கிடந்தார். ஒண்ணுமே தெரியாத சீட்டா ஒண்ணு வேணும்னேன். டாக்டர்கிட்டயும் கேட்டுட்டேன். ஸ்டேடியத்துக்குப் போகலாம், மேட்ச் மட்டும் பார்க்கக்கூடாதுன்னார்.”

“அதுல நான் உன்னை உக்கார வைக்கப் போறேன்னு…”

“ஒரு பொருளை நீங்க அவ்வளவு புகழ்ந்தா அது என் தலையிலன்னு எனக்குத் தெரியாதா?”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தெருவெல்லாம் கொடிகள், விசில்கள். அவருக்கு மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. அதுவும் இன்னும் அவள் கைக்குள்தான் இருந்தது.

“அது போகட்டும்,” என்றார் குழைந்து. “கையைப் பிடிச்சது நீயாத்தானே பிடிச்சே?”

பஸ் குலுங்கி நின்றது. கண்டக்டர் அவர்களைப் பார்த்துக் கேட்டார். “கடைசி ஸ்டாப்பும்மா. இறங்கலையா?”

அவள் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவர் மணிக்கட்டிலிருந்து விரலையும் எடுக்கவில்லை.

“இன்னும் இறங்கலை. கொஞ்சம் வேகமாத்தான் துடிக்குது.”