முப்பத்தேழு டிகிரிப் படலம்

மணிமுத்தாற்று மணற்கரை வாழ்த்த, பீங்கான் சூளைப் புகை வெண்கொற்றக் குடையாய் விரிய, கால்நடைக் கிளை நிலையத்தின் கம்பவுண்டராய் வீற்றிருந்த கோவிந்தசாமியைப் பாடுவோம்! நாடெங்கும் பால் வெள்ளம் பெருக்குவதாக அரசு எடுத்த சபதத்தை ஒற்றை மேசையில், அதுவும் ஒரு கால் ஆடும் மேசையில், தாங்கிய தோளன்; எழுபத்தெட்டாம் ஆண்டு ஆனி மாதத்து முற்பகல் ஒன்றில் வெந்நீரோடு பொருத வீரன்; வாழ்க அவன் வழுக்கை!

கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து விடியலில் புறப்பட்டுத் தன் செவலைப் பசுவை நடத்தி வந்திருந்தாள் பாஞ்சாலை. இரண்டு முறை சினை ஊசி போட்டும் நிற்கவில்லை. இம்முறையும் தப்பினால் வேப்பூர்ச் சந்தையில் அடிமாட்டு வியாபாரிக்குத் தள்ளிவிடுவேன் என்று அவள் கணவன் காத்தவராயன் சூளுரைத்திருந்தான்; சொன்னால் செய்கிற ஆள். பசுவோ பருவத்துக்கு வந்து நேற்று மாலையிலிருந்து கத்திக்கொண்டிருந்தது. உச்சிப் பொழுதுக்குள் காரியம் முடிந்தாக வேண்டும். கட்டிப்போட்டால் கயிற்றை அறுக்கும் குணவதி அது. எனவே வேப்பமரத்தடியில் கயிறும் கையுமாக நின்றாள்.

உள்ளே, நைட்ரஜன் கேனின் மூடி திறந்தது. வெண்புகை சீறியது. ஆயிரம் இமயங்கள் ஒன்றுகூடினாலும் ஈடாகாத அக்குளிருக்குள், வைக்கோல் தடிமனே உள்ள இரண்டு குழல்களில், எங்கோ மலைப்பண்ணையில் அசைபோடும் ஜெர்சிக் காளையின் வித்து உறைந்து துயின்றது. மிச்சம் அவ்விரண்டுதான். முப்பத்தேழு டிகிரி வெந்நீரில் எழுப்ப வேண்டும். சூடு கூடினால் வெந்து சாகும், குறைந்தால் விறைத்துச் சாகும். தெர்மாமீட்டர் போன மாதமே உடைந்துவிட்டது. புதியது கேட்டு எழுதிய கடிதம் இன்னும் மேசை மேசையாகத் தீர்த்த யாத்திரை செய்துகொண்டிருந்தது.

எதிர்க்கடை டீ மாஸ்டர், மங்கலம்பேட்டை கலீல் ரஹ்மான், பாய்லர் வெந்நீரைச் சொம்பில் கொணர்ந்தார். சூளையில் கோணிப்போய்த் தள்ளுபடியில் வந்த பீங்கான் ஜாடியில் அதை ஊற்றிய வீரன், பச்சைத் தண்ணீர் கலந்து, கேனுக்குள் துழாவி மரத்துப்போன விரலால் சோதித்தான். மரத்த விரலுக்குக் கொதிநீரும் இதமாகவே பட்டது. முதற்குழல் இறங்கியது. பிறகு மைக்ராஸ்கோப்பில் கண் பதித்தால், அந்தோ, கோடி வீரர் கிடந்த அக்களத்தில் ஒருவனும் வால் அசைக்கவில்லை!

சன்னல் வழியே இதெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள் பாஞ்சாலை. வெறுஞ்சொம்போடு வெளியே வந்த கலீல் ரஹ்மானிடம் கயிற்றை நீட்டி, "செத்தப் புடிங்க பாய்" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தாள்.

"வெரல நம்பாதீங்க சார். புள்ளைக்கித் தண்ணி ஊத்தறப்ப நாங்க முழங்கையத்தான் வெச்சிப் பாப்போம்."

அரசாங்கம் அனுப்பாத கருவியை அவள் ஜாடிக்குள் இறக்கினாள். இன்னும் கொஞ்சம் பச்சைத் தண்ணீர் கேட்டாள். மறுபடி முழங்கை. மூன்று பிள்ளைகளைக் குளிப்பாட்டி ஆளாக்கிய முழங்கை அது.

"இப்ப வுடுங்க."

கடைசிக் குழல் இறங்கியது. முப்பது எண்ணுமளவும் மூவுலகும் மூச்சடக்கின. ஒரு சொட்டைக் கண்ணாடியில் வைத்து நோக்கிய கோவிந்தசாமியின் முகத்தில் சூரியோதயம்!

"உசுரோட இருக்குது யம்மா. எல்லாம் ஓடுது. வந்து பாருங்க."

ஆற்றுப் புதுவெள்ளத்துக் கெண்டை மீன்களாய் அச்சேனை முட்டி மோதிப் பாய்வதைப் பாஞ்சாலை பார்த்தாள். பார்த்ததும் அழுதுவிட்டாள், மாடு பிழைத்தது என்ற அழுகை. காணக் கிடைக்காத காட்சியைத் தனியே காண்பது இவ்வூரில் வழக்கமில்லை. சைக்கிள் கடைக்காரர் பார்த்தார். தபால்காரர் பார்த்தார். தன் முறையும் வேண்டுமென்று கலீல் ரஹ்மானும் உள்ளே வந்து, ஒரு கண்ணை மூடி, "சுப்ஹானல்லாஹ்" என்று நெஞ்சில் கை வைத்தார்.

அதன்பின், உருகிய குழலை நீள்ஊசியில் பூட்டி, அதை வேலென உயர்த்தி, முழங்கை ஈரம் உலராத பாஞ்சாலை முன் நடக்க, டீக்கடையும் தபால்துறையும் பின் தொடர, வெந்நீரை வென்றவன், பனியைப் பணித்தவன், பால்வெள்ளத்தின் தூதன் கோவிந்தசாமி, நிலையத்தின் படியிறங்கி, வெற்றி முழக்கத்தோடு வேப்பமரத்தை அடைந்தான்.

அங்கே மாட்டைக் காணோம்.