போல்கிங் வீட்டு வாசலில் ஓர் ஊதாப் புள்ளி

"பெரிசாக்கு. இன்னும் பெரிசாக்கு" என்றார் ஹார்ட்விக் போல்கிங்.

அவர் மனைவி மெக்டில்ட் போன் திரையில் இருந்த வரைபடத்தை இரண்டு விரலால் விரித்தாள். ஊர் தெருவாயிற்று, தெரு வீடாயிற்று, கடைசியில் ஒரு கேட் மட்டும் நின்றது. அந்தக் கேட்டின் மேல், சந்தேகத்துக்கே இடமில்லாமல், ஓர் ஊதாப் புள்ளி.

"நம்ம கேட்டுதான்" என்றாள்.

"எதிர்வீட்டுத் தபால் பெட்டியா இருக்கும்."

"அது ரோட்டுக்கு அந்தப் பக்கம். இங்க பாரு, நீ மட்டப் பலகை வெச்சு வெட்டின செடிவேலிகூடத் தெரியுது."

ஜெர்மனியின் வெஸ்ட்பாலியாவில் இருக்கும் அந்தச் சின்ன ஊருக்கு வரைபடப் பித்துப் பிடித்துச் சில வருஷமாகிறது. பஸ் மணிக்கு ஒன்று, அதுவும் வந்தால்தான் நிச்சயம். கண் டாக்டரைப் பார்க்க வேண்டுமென்றால், பார்வை இருக்கும்போதே பதிவு செய்துகொள்ள வேண்டும். ஆனால் நகராட்சியின் செயலியைத் திறந்தால் போதும். உட்கார பெஞ்சு எங்கே என்று ஒரு வரைபடம், உடைந்த பெஞ்சு எங்கே என்று இன்னொரு வரைபடம். யார் வேண்டுமானாலும் பறித்துக்கொள்ளலாம் என்று விட்ட பேரிக்காய் மரங்களுக்கு ஒன்று. நாய்க் கழிவு அள்ளும் பை தொங்குகிற கம்பங்களுக்கு ஒன்று. மனதுக்குப் பிடித்த இடங்களுக்கு மஞ்சள் புள்ளி வைக்க ஒன்று. இதெல்லாம் போதாதென்று போன மாதம் 'பயமாக இருக்கும் இடங்கள்' என்று ஒன்றைத் திறந்துவிட்டார்கள். எங்கே நடக்கும்போது பயமாக இருக்கிறதோ அங்கே ஊதாப் புள்ளி வையுங்கள், நாங்கள் கவனிக்கிறோம் என்றார்கள். ரயில் பாதைக்கு அடியில் போகும் சுரங்க வழியில் ஒரு புள்ளி விழுந்தது. நியாயம். கல்லறைத் தோட்டத்துப் பின்பாதையில் ஒன்று விழுந்தது. அதுவும் நியாயம். மூன்றாவது புள்ளி போல்கிங் வீட்டு வாசலில் விழுந்தது.

புள்ளியைத் தொட்டால் ஒரு வரி திறந்தது: "இந்தக் கேட்டைத் தாண்டும்போது அடிவயிறு கலங்குகிறது."

"கேட்டுல என்ன இருக்கு கலங்குறதுக்கு? போன வசந்தத்துலதான் பெயின்ட் அடிச்சேன்!"

"கேட்டுல ஒண்ணும் இல்ல" என்றாள் மெக்டில்ட். "கேட்டுக்குப் பின்னாடி நீ இருக்கே."

ஹார்ட்விக் கடைகளின் தராசுகளையும் படிகளையும் சோதிக்கும் அரசு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது சம்பளத்திலிருந்து மட்டும்தான். காலையில் ஜன்னல் விளிம்பில் தலையணையைப் போட்டு, அதில் இரண்டு முழங்கையையும் ஊன்றினால், மதியச் சாப்பாடு வரை தெருவைச் சோதித்துக்கொண்டிருப்பார். கழுவாத தயிர்க் கிண்ணத்தை பிளாஸ்டிக் குப்பைக்கான மஞ்சள் பையில் போட்டவர்களுக்கு அதை அவர்கள் வீட்டு வாசலிலேயே கொண்டுபோய்த் திருப்பிக் கொடுப்பார். சத்தம் போடக் கூடாத ஞாயிற்றுக்கிழமையில் காலிப் பாட்டிலைத் தொட்டியில் போடக் கொண்டுபோகிறவர்கள் அவர் வீட்டருகே வந்ததும் சத்தம் வராதபடி குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு நடப்பார்கள். இதையெல்லாம் அவர் ஊர்மேல் வைத்த பாசம் என்றே நம்பினார். அந்த நம்பிக்கைக்கு ஊரில் வேறு ஆதாரம் கிடையாது.

"வியாழக்கிழமை கவுன்சில் கூடுது. தெரியும்ல?" என்றார்.

மெக்டில்டுக்குத் தெரியாமல் என்ன. ஊருக்குப் புதிய சமரச நடுவரைத் தேர்ந்தெடுக்கப் போகிறார்கள். பக்கத்து வீட்டு மரக்கிளை நீண்டது, வேலி உயர்ந்தது, சேவல் கூவியது என்று சண்டை போடுகிறவர்கள் கோர்ட்டுக்குப் போகும் முன் நடுவர் முன்னால் வந்து உட்கார வேண்டும் என்பது அங்கே சட்டம். சம்பளம் கிடையாது, ஆனால் நகராட்சிக் கட்டடத்தில் ஓர் அறை உண்டு, கதவில் பெயர் உண்டு. ஹார்ட்விக் இரண்டு தடவை மனு போட்டு இரண்டு தடவையும் தோற்று, இப்போது மூன்றாவது தடவையாகப் போட்டிருந்தார். ஓய்வு பெற்ற நாளிலிருந்து யாரும் அவரிடம் எதுவும் கேட்பதில்லை, அவராகச் சொல்வதுதான். ஒரே ஒருமுறை, இரண்டு மனிதர்கள் தாமாக வந்து எதிரே உட்கார்ந்து, "நீங்க சொல்லுங்க" என்று கேட்டுவிட்டால் போதும் என்று மனுஷர் ஏங்கினார்.

"வாசலே பயங்கரம்னு மேப்புல வந்தவனை நடுவரா போடுவாங்களா?"

உடனே நகராட்சிக்கு போன் போட்டார். வரைபடங்களைக் கவனிக்கும் யான்னிகா ஷுல்ட்டே எடுத்தாள்.

"என் வாசல்ல ஒரு புள்ளி இருக்கு. எடுத்துடுங்க."

"எந்த மேப்புல, ஹெர் போல்கிங்? பேரிக்காயா, பெஞ்சா?"

"பயத்துல."

"ஓ. அதை எடுக்க முடியாதே. பயம் அவங்களோடது. அவங்களுக்குப் போனாத்தான் புள்ளியும் போகும்."

"யார் வெச்சது?"

"சொல்லக் கூடாது. தனியுரிமைச் சட்டம்."

"எந்தப் பிரிவு?"

யான்னிகா பிரிவைச் சொன்னாள், உட்பிரிவோடு. சட்டப் பிரிவின் முன்னால் ஹார்ட்விக் எப்போதும் தலைவணங்கிவிடுவார். அவள் இரக்கப்பட்டு, "வேணும்னா அந்தப் புள்ளிக்குக் கீழே உங்க கருத்தைப் போடலாம்" என்றாள். அந்த இரக்கம்தான் வினையாகப் போயிற்று.

மத்தியானம் முழுக்க உட்கார்ந்து எழுதினார்: "இது ஒழுங்கான குடும்பம் வாழும் வீடு. பயப்பட இங்கே எதுவும் இல்லை. இதை எழுதியவர் யார் என்று விரைவில் கண்டுபிடித்து நேரில் வந்து விளக்குவேன். அன்புடன், ஹ. போல்கிங்."

மெக்டில்ட் படித்துப் பார்த்தாள். "மத்ததுகூடப் பரவாயில்ல. அந்த 'அன்புடன்'தான் குலை நடுங்க வைக்குது."

கருத்து விழுந்த புள்ளிகளைச் செயலி தானாகவே மேலே தூக்கிக் காட்டும். அதுவரை பார்க்காதவர்களும் பார்த்தார்கள். சாயங்காலத்துக்குள் கேட்டைச் சுற்றி ஏழெட்டுப் புள்ளிகள்.

"உன் மூஞ்சியும் ஒரு காரணம்" என்றாள் மெக்டில்ட். "வாசல்ல நின்னு போற வர்றவங்களைப் பாத்துக் கொஞ்சம் சிரியேன். கல்யாணம் ஆனதுலேருந்து சொல்றேன்."

மறுநாள் மாலை ஹார்ட்விக் கேட்டருகே நின்று சிரித்தார். நவம்பர் மாதம், ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது. பழக்கமில்லாத வேலையாதலால் அந்தச் சிரிப்பு பாதியில் நின்று, பல்லை மட்டும் வெளியே விட்டுவிட்டது. சைக்கிளில் வந்த பள்ளி ஆசிரியை ஒருத்தி அதைப் பார்த்தாள், பிரேக்கையும் மணியையும் ஒன்றாக அழுத்தினாள், இறங்கினாள், சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே போனாள்.

"நல்லா இருக்கீங்களா?" என்று அவள் முதுகைப் பார்த்துக் கத்தினார் ஹார்ட்விக். அவள் ஏறி மிதித்தாள்.

அன்று விழுந்த கருத்துகளில் ஒன்று: "இப்போது சிரிக்கவும் தொடங்கிவிட்டார்."

இந்த ஊர்க்காரர்களைச் சொல்ல வேண்டும். ஒரு மனிதனைப் பிடிக்கவில்லை என்றால் முகத்துக்கு நேரே சொல்ல வாய் வராது. கதவைச் சாத்திக்கொண்டு, சோபாவில் காலை நீட்டிக்கொண்டு, அவன் வாசலில் புள்ளி வைக்க மட்டும் விரல் வரும். அதையும் குடிமைக் கடமை என்று நினைத்துக்கொண்டு வைப்பார்கள்.

"வெளிச்சம் இல்லாததுதான் குறை" என்று முடிவு கட்டினார் ஹார்ட்விக். "செயலியே சொல்லுது, பயத்துக்கு மருந்து விளக்குன்னு." ஆள் நடமாட்டத்தை உணர்ந்து தானாக எரியும் விளக்கு ஒன்றைக் கட்டுமானக் கடையில் வாங்கினார். கால்பந்து மைதானத்துக்குப் போட வேண்டிய விளக்கு. அதைக் கேட்டின் மேல் மாட்டினார். விளக்கு மட்டும் போதாது, உபசாரமும் வேண்டும் என்று மெக்டில்டை வெண்ணெய்க் கேக் ஒரு தட்டு சுடச் சொன்னார்.

பக்கத்து வீட்டு உர்சுலா டெர்ஹோர்ஸ்ட், கணவனை இழந்து தனியாக இருப்பவள், கடையிலிருந்து பையோடு வந்துகொண்டிருந்தாள். கேட்டை நெருங்கியதும் பட்டென்று பகல் வந்தது. அந்த வெளிச்சத்தின் நடுவில் ஹார்ட்விக் போல்கிங், பல்லைக் காட்டிக்கொண்டு, கையில் நீளமான கத்தியோடு நின்றார்.

"ஒரு துண்டு வெட்டட்டுமா?" என்றார்.

தட்டு செடிவேலிக்குப் பின்னால் இருந்ததால் அவள் கண்ணில் படவில்லை. உர்சுலா பையைப் போட்டுவிட்டு ஓடினாள். மூட்டுவலிக்காரி அவ்வளவு வேகமாக ஓடியதை அந்தத் தெரு முன்பு பார்த்ததில்லை. மறுநாள் பையில் இருந்தவற்றை ஹார்ட்விக் அவள் வாசலில் வரிசையாக அடுக்கி வைத்துவிட்டு வந்தார். முட்டை உடைந்திருந்ததால் அதை மட்டும் மக்கும் குப்பைத் தொட்டியில், ஓட்டைத் தனியாகப் பிரித்துப் போட்டார்.

ஊதாப் புள்ளிகள் இப்போது ஒன்றோடொன்று ஒட்டி ஒரு பெரிய திட்டாகிவிட்டன. சுரங்க வழியும் கல்லறையும் அதன் பக்கத்தில் சின்னப் பிள்ளைகளாகத் தெரிந்தன. பக்கத்து ஊர் இளைஞர்கள் சாயங்காலம் வேடிக்கை பார்க்க வந்து, விளக்கு எரிந்ததும் கத்திக்கொண்டு ஓடினார்கள்.

"விட்டுடேன், ஹார்ட்விக்" என்றாள் மெக்டில்ட். "சும்மா இருந்தா மறந்துடுவாங்க."

சும்மா இருக்கத் தெரிந்திருந்தால் அவர் ஏன் அந்த வரைபடத்தில் வருகிறார்? புதன்கிழமை அவருக்கு வேறொரு யோசனை வந்தது. மனதுக்குப் பிடித்த இடங்களுக்கு ஒரு வரைபடம் இருக்கிறதே. அதில் தன் வாசலுக்கு மஞ்சள் புள்ளி விழுந்துவிட்டால் கணக்குச் சமமாகிவிடும். டை கட்டிக்கொண்டு வீடு வீடாகக் கிளம்பினார்.

உர்சுலா சங்கிலியை எடுக்காமல் கதவை ஒரு கோடு திறந்தாள்.

"என் வாசல் உங்களுக்குப் பிடிக்கும்னு ஒரு புள்ளி வைங்க, ஃபிராவ் டெர்ஹோர்ஸ்ட்."

"அப்புறமா வெக்கிறேனே..."

"இப்பவே வைங்க. நான் நிக்கிறேன்."

"மூக்குக் கண்ணாடி மாடில இருக்கு."

"எடுத்துட்டு வாங்க. எனக்கு அவசரமில்ல."

அவள் எடுத்துவந்து வைத்தாள். அத்தனை வீட்டிலும் வைத்தார்கள். ஹார்ட்விக் மார்பை நிமிர்த்திக்கொண்டு வீடு திரும்பி மனைவியிடம் காட்டினார். மெக்டில்ட் வரிசையாகத் தொட்டுப் படித்தாள். "மிக இனிமையான வாசல்." "அருமையான கேட்." "அவர் பக்கத்தில் நிற்கும்போதே இதை எழுதுகிறேன்." "அவர் இன்னும் போகவில்லை."

அவர் வெளியேறிய ஒவ்வொரு வீட்டிலும் கதவைத் தாழிட்டுவிட்டு, அதே கையோடு மற்ற வரைபடத்தைத் திறந்திருக்கிறார்கள். ஊதாத் திட்டு போல்கிங் வீட்டின் கூரையையும் விழுங்கிவிட்டது.

வியாழன் மாலை ஹார்ட்விக் கவுன்சிலுக்குப் போகவில்லை. ஜன்னலில் தலையணையும் போடவில்லை. எதிரே ஒரு கார் நடைபாதையில் இரண்டு சக்கரத்தை ஏற்றி நின்றது. அதைப் பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை. அதைக் கண்டுதான் மெக்டில்டுக்கு உண்மையாகவே பயம் வந்தது.

"நான் யாருக்கு என்ன கெடுதல் பண்ணேன்?" என்றார்.

சொல்ல அவளிடம் நிறைய இருந்தது. ஆனால் சமையல் மேஜையருகே தோள் குறுகி உட்கார்ந்திருந்த ஆளைப் பார்த்ததும் அவளுக்கு மனம் வலித்தது. "சூப்பைக் குடி" என்று மட்டும் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை காலை போன் அடித்தது. ஹார்ட்விக் எடுத்தார், கேட்டார், மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார்.

"என்ன ஆச்சு?"

"நான்தான் நடுவர்."

"என்னது?"

"எதிர்த்து ஒரு ஓட்டுகூட இல்லையாம். ஏகமனதா!" எழுந்தார். குறுகியிருந்த தோள் பழைய அகலத்துக்கு வந்தது. "பாத்தியா? அந்த மேப்பை ஒருத்தனும் திரும்பிப் பாக்கல. போனை நோண்டுறவங்க வேற, ஊரை ஆளுறவங்க வேற. மனுஷனோட தகுதி தெரியும் அவங்களுக்கு!"

அப்போதே ஜன்னலைத் திறந்து, எதிரே நின்ற காருக்குச் சொந்தக்காரரைக் கூப்பிட்டு, சக்கரத்தைப் பற்றி விளக்கினார்.

திங்கட்கிழமை சாம்பல் நிறக் கோட்டும் புது டையுமாக நகராட்சிக்குப் போனார். கதவில் பெயர் ஒட்டியிருந்தது. ஒரு மூலை தூக்கிக்கொண்டிருந்ததைக் கட்டைவிரலால் அழுத்திச் சரிசெய்தார். உள்ளே ஒரு மேஜை, அதன் எதிரே இரண்டு நாற்காலிகள், தண்ணீர்க் குவளை. மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து, பேனாவை நேராக வைத்து, காத்திருந்தார். ஒரு மணி நேரமாக யாரும் வரவில்லை. நடைவழியில் போன யான்னிகா ஷுல்ட்டேயைக் கூப்பிட்டார்.

"முதல் கேஸை அனுப்பலாமே, ஃபிராவ் ஷுல்ட்டே. பழைய நடுவர் விட்டுட்டுப் போனது ஏகப்பட்டது கிடக்குன்னு கேள்விப்பட்டேன். வேலிச் சண்டையே அலமாரி நிறைய இருக்காமே?"

"இருந்துச்சு, ஹெர் போல்கிங்" என்றாள் யான்னிகா, வாய் கொள்ளாச் சந்தோஷத்தோடு. "வெள்ளிக்கிழமை உங்க பேரைச் சொன்னதுமே, உங்க முன்னாடி வந்து உக்கார முடியாதுன்னு அத்தனை பேரும் அவங்களுக்குள்ளயே சமாதானமாயிட்டாங்க, இதுக்குத்தானே கவுன்சில்ல அந்த ஊதா மேப்பைப் பெரிய திரையில போட்டுப் பாத்து உங்களைத் தேர்ந்தெடுத்தாங்க!"